ரோசிக்கு ஒரு நடை போதும்

“நாயைக் கொல்லவா பாக்குறீங்க, சார்?”

ஜெயங்கொண்டத்துக் கால்நடை டாக்டர் சத்யப்பிரியா ரோசியின் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். தோல் தேய்ந்து ரத்தம் கசிந்தது.

“வயசான நாய். காலையில கொஞ்ச தூரம், மெதுவா நடந்தாப் போதும். வெயில்ல இப்படி நடக்க வுட்டா இடுப்பு வுழுந்துடும்.”

“மாதா கோயில் வரைக்கும்தாம்மா கூட்டிட்டுப் போறேன். அதுவும் காலையில மட்டும்,” என்றார் கிளமெண்ட். டாக்டர் நம்பியதாகத் தெரியவில்லை.

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் கனடாவில். ஓய்வுபெற்ற வாத்தியாரான அவருக்கு வரதராசன்பேட்டை வீட்டில் பேச்சுத்துணை ரோசி ஒன்றுதான். அதையே தான் வதைப்பதாகக் கேட்டது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் ரோசி நொண்டிக்கொண்டே பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய் வாலை ஆட்டியது. கிளமெண்ட் சங்கிலியை வெடுக்கென்று இழுத்தார். அந்த வீட்டோடு பேச்சு அற்றுப்போய் வெகுகாலம்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு, தான் தூங்கும் நேரத்தில் என்ன நடக்கிறதென்று பார்க்க, தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக் கிடந்தார். கொல்லைப்படல் மெல்லத் திறந்தது. சங்கிலி அவிழும் சத்தம்.

“வாடி கண்ணு,” என்று ஒரு கிசுகிசுப்பு.

கம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். கொளுத்துகிற வெயிலில் ரோசி நொண்டி நொண்டி முந்திரிக்காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. சங்கிலியைப் பிடித்திருந்தவர் பாக்கியராஜ். கூடப் பிறந்த அண்ணன். இதே முந்திரிக்காட்டைப் பாகம் பிரித்தபோது முறைத்துக்கொண்டு, அடுத்த வீட்டிலேயே இருந்தும் முகம் பார்க்காதவர்.

‘எம்மேல உள்ள வன்மத்தை வாயில்லா ஜீவன்கிட்டயா காட்டுறான்?’

கிளமெண்டுக்கு ரத்தம் கொதித்தது. கம்பை இறுகப் பிடித்தபடி ஓசைப்படாமல் நெருங்கினார்.

பாக்கியராஜ் மர நிழலில் உட்கார்ந்து ரோசியின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அப்போதுதான் புண்ணைப் பார்த்திருக்க வேண்டும்.

“அய்யோ, என்னாலயாடி? நான் ஒரு கூறுகெட்டவன். இனிமே ஒன்னையக் கூட்டியாரமாட்டேன்.” துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கடைசியா ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடு. ராத்திரியெல்லாம் இருமிக்கிட்டே கெடந்தானே எந்தம்பி, கஷாயமாவது வச்சுக் குடிச்சானா?”

ரோசி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து பதில் வந்தது.

“குடிச்சேண்ணே.”