முதல் நடை

ஷைலஜாவைக் குட்டிதான் இழுத்துக்கொண்டு போனது. சுருட்டை முடி கோல்டன்டூடுல் நாய்க்குட்டி. தடுப்பூசி எல்லாம் போட்டு முடியும்வரை தெருமண் காலில் படக்கூடாது என்று வீட்டுக்குள்ளேயே வளர்த்தாள். இன்றுதான் முதல்முறையாக வெளியே கூட்டி வந்திருக்கிறாள். குட்டியோ எங்கும் தயங்கவில்லை. டீக்கடையில் திரும்பி, சாக்கடையைத் தாண்டி, ஒரு தகரக் கதவை மூக்கால் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. கட்டிலில் தாவி, படுத்திருந்தவனின் அசையாத காலருகே சுருண்டுகொண்டது.

"வந்துட்டியாடா, இன்னிக்கு ஏன் லேட்டு?" என்று அவன் சிரித்தான்.

அடுப்பருகே இருந்த அம்சா வாசலைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஷைலஜா ஆபீஸ் போனபின் குட்டியை வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு.

"அம்சாக்கா, உங்கள நம்பித்தானே சாவியக் குடுத்தேன்?"

"கட்டட சாரத்துலேருந்து விழுந்து கெடக்குற எம் புருசன் மேடம். மத்தியானம் கஞ்சி ஊத்த ஆளில்ல. இதத் தனியா விட்டா தன் காலையே கடிச்சுக்குது. அதான்..."

"சாவியக் குடுங்க. நாளையிலேருந்து வர வேணாம்."

ஷைலஜா சங்கிலியை இழுத்தாள். குட்டி கட்டிலை விட்டு அசையவில்லை. கொஞ்சினாள், அதட்டினாள்.

"நீங்களே தூக்கிட்டு வந்து விட்டுட்டுப் போங்க."

அம்சா அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஷைலஜாவின் பின்னால் நடந்தாள். டீக்கடை தாண்டியதும் அதன் காதில், "காட்டிக் குடுத்துட்டியேடா, துரோகி" என்றாள். கொஞ்சுகிறாள் என்று நினைத்து அது அவள் கழுத்தை நக்கியது.