மூச்சு எப்படி இருக்கு?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இருந்த மின்திரை காலையிலேயே அறிவித்துவிட்டது: "உள்ளே இருக்கும் பத்துப் பேரில் ஒருவருக்கு இன்று நுரையீரல் செயலிழக்கும்." யாருக்கென்று அது சொல்வதில்லை. ஆனால் ஒருநாளும் பொய்த்ததில்லை.

மகனை உள்ளே சேர்த்துவிட்டு வெளியே காத்திருந்த ரோஸ்லின், பக்கத்திலிருந்த அமுதவல்லியிடம் மறுபடியும் கேட்டாள்: "உங்க வீட்டுக்காரருக்கு மூச்சு எப்படிக்கா இருக்கு?"

நேற்றுவரை காபியைப் பங்கிட்டுக் குடித்தவள். இன்று கேட்பது அக்கறையிலா, வேவு பார்க்கவா? அமுதவல்லிக்குச் சுருக்கென்றது. உள்ளே போய்ப் பார்த்தாள். கணவர் நன்றாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இருந்தும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, "ரொம்ப இளைக்குது ரோஸ்லின்" என்றாள்.

"ஐயோ, கர்த்தரே!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரோஸ்லின் அழுதாள். நிஜமாகவே அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து தொடாமல் வைத்திருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, ஆற அமரச் சாப்பிடத் தொடங்கினாள்.