தாழியின் கழுத்தில்

கையுறை அவள் கைக்குப் பெரிதாக இருந்தது. தடித்த ரப்பர். சாக்கடையில் இறங்குகிற ஆட்களுக்கு இதுவரை யாரும் வாங்கிக் கொடுக்காத தரம்.

தொட்டுப் பார்க்கத்தான் அழைத்திருந்தார்கள்.

"சுட்ட மண்ணு பாருங்க. கையில இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு பட்டா கெட்டுப்போயிரும்" என்றார் அருங்காட்சியகக் காப்பாட்சியர். அவளிடம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எஸ்தரிடம்.

"அவங்க டீ குடிப்பாங்களா?" என்பதையும் எஸ்தரிடம்தான் கேட்டார்.

அவளும் பார்வையற்றவள்தான்; பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளியில் பதினெட்டு வருடமாகப் பிரெயில் கற்றுக்கொடுக்கிறாள். தான் டீ குடிப்பதும் குடிக்காததும் அவளுக்கே தெரியும்.

எஸ்தர் அதே பள்ளியில் வேலை பார்க்கிறவள். போன வருடம் இதே அருங்காட்சியகத்தில் அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். வாள். காசு. உடைந்த கல். ஒரு முதுமக்கள் தாழிக்கு முன்னால் எஸ்தரின் குரல் நின்றுபோனது.

"கழுத்துல ஒரு கட்டைவிரல் பதிஞ்சிருக்கு. ஈர மண்ணுல அழுத்தினது. நேத்து அழுத்தின மாதிரி இருக்கு."

அவள் கையை நீட்டினாள்.

காவலர் விசில் அடித்தார். அருங்காட்சியகத்துக்குள் விசில்.

அதன்பின் மூன்று மனு எழுதினாள். மூன்றிலும் ஒரே கோரிக்கை. அந்தப் பள்ளத்தில் தன் விரலை ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. விழா வந்தது.

பந்தல், நாதஸ்வரம், 'அனைவருக்குமான அருங்காட்சியகம்' என்று எஸ்தர் படித்துச் சொன்ன பேனர். தாழியைச் சுற்றியிருந்த கண்ணாடியைக்கூட எடுத்துவிட்டார்கள். போட்டோ எடுத்து முடிந்ததும் திரும்ப மாட்டிவிடுவார்களாம். காவலர் எஸ்தரின் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, இன்றைக்கு விட்டால் இல்லை.

புகைப்படக்காரர் அவள் முன்னால் வந்து நின்றார்.

"கறுப்புக் கண்ணாடி கொண்டுவரலையாம்மா? போட்டோவப் பார்த்தா தெரியணும்ல."

தன்னுடையதையே கழற்றி அவள் முகத்தில் மாட்டிவிட்டார். அவர் வியர்வை அவள் மூக்கில் ஒட்டியது. குருடியைக் குருடியாகக் காட்ட எவ்வளவு பாடு.

சிறப்பு விருந்தினரின் சென்ட் முதலில் வந்தது. பின்னால் அவர் வந்தார். நேராகத் தாழியிடம் போய்த் தட்டிப் பார்த்தார். மோதிரம் போட்ட கை.

டொக். டொக்.

"நல்ல கனம்" என்றார்.

அவருக்கு யாரும் கையுறை கொடுக்கவில்லை. பெரிய மனிதர்களின் கையில் பிசுக்கு இருக்காது போலிருக்கிறது.

காப்பாட்சியர் பேச எழுந்தார். நம் முன்னோர், நம் வீரம், நம் தோள்வலிமை. இந்தத் தாழியை வனைந்தவன் பனைமரம்போல் ஓங்கி வளர்ந்தவன் என்றார். கழுத்தில் இருக்கும் கட்டைவிரலே அதற்குச் சாட்சி என்றார். அளந்து பார்த்தீர்களா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கை தட்டினார்கள்.

பேச்சு நீண்டது. அதுவும் நல்லதுக்குத்தான்.

வலது கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிரெயில் எழுதும் ஊசி எப்போதும் கைப்பையில் இருக்கும். கையுறையின் கட்டைவிரல் நுனியில் குத்தினாள். பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. தடித்த தாளில் குத்திக் குத்திப் பழகிய கை.

துளைகள் சுற்றி வந்து சேர்ந்தன. நுனியைப் பிடித்து இழுத்தாள். வீரம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் எழுந்த கைதட்டலில், ரப்பர் கிழிந்தது யாருக்கும் கேட்கவில்லை.

எஸ்தர் பார்த்திருக்க வேண்டும். இருமினாள். இருமிக்கொண்டே தன் முந்தானையை அவள் மடிமேல் இழுத்துவிட்டாள்.

பெயர் சொல்லி அழைத்தார்கள். கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். காப்பாட்சியர் அவள் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார், காய்கறி வண்டியைத் தள்ளுகிற மாதிரி.

தாழியின் கழுத்து.

நான்கு விரல்களுக்கு ரப்பர்தான் தெரிந்தது. கட்டைவிரலுக்கு மண் தெரிந்தது. சொரசொரப்பு. குளிர்ச்சி. மெல்ல நகர்த்தினாள். பள்ளம் வந்தது.

வைத்தாள்.

போகவில்லை.

அவளுடையதே சின்னக் கை. வளையல் கடையில் பிள்ளைகளுக்கான அளவில்தான் அவளுக்கு எடுத்துத் தருவார்கள். அந்த விரலே பாதி நகத்தோடு நின்றுவிட்டது. விளிம்பைச் சுற்றித் தடவினாள். குறுகிய பள்ளம். கீழேயிருந்து மேலாகச் சரிந்திருந்தது. எட்டாத உயரத்துக்கு எம்பி நின்று அழுத்தியிருக்க வேண்டும்.

எட்டு வயது. மிஞ்சினால் ஒன்பது.

முதல் நாள் பிரெயில் படிக்க வரும் பிள்ளைகளின் விரலைப் பிடித்துப் புள்ளிமேல் வைப்பவள் அவள். அந்த அளவு அவளுக்குத் தப்பாது.

பெரியவர்கள் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரமாக இருக்கும். திட்டு வாங்கியிருக்குமோ என்னவோ.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மைக் வந்து உதட்டில் இடித்தது.

"தொட்டுப் பார்த்தது எப்படி இருந்துச்சுன்னு நாலு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார் காப்பாட்சியர். காது கேட்காதவளிடம் பேசுவதுபோல் கத்தினார். "எவ்வளவு பெரிய கை, பார்த்தீங்களா?"

கூட்டம் காத்திருந்தது.

இவர்களிடம் போய் ஒரு பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதா.

"கையுறை ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள்.

கை தட்டினார்கள்.

அவள் கட்டைவிரலை உள்ளே மடக்கி, ரப்பர் விரல்கள் நான்காலும் மூடிக்கொண்டாள்.