மஞ்சள் குழாய்

கடலில் முக்குளிப்பவர்களுக்கான சாமான் கடைக்குப் பின்னால் பயிற்சித் தொட்டி, இடுப்பளவு தண்ணீர். மனைவியின் முதுகு சிலிண்டரிலிருந்து வந்து நெஞ்சில் தொங்கும் உபரி மூச்சுக்குழாயை, அந்த மஞ்சள் குழாயை, கணவன் தட்டுகிறான். “அவசரத்துக்கு இது போதும். உன் சிலிண்டர்லயே ரெண்டு பேரும் மூச்சு விட்டுக்கலாம். நான் பக்கத்துலயேதானே இருக்கப்போறேன்?” அவள் கண் அலமாரியில் நிற்கும் குட்டி சிலிண்டரை விட்டு நகரவில்லை. “எனக்குன்னு தனியா அது ஒண்ணு…” “எதுக்கு, தண்டச் சுமை?” கடைக்காரம்மா இருவரையும் முங்கச் சொல்கிறார். “யாராவது ஒருத்தரோட காத்தை நிறுத்துவேன். கை எங்க போகுதுன்னு பாப்போம்.” மண்டியிட்டு முங்குகிறார்கள். பச்சை வெளிச்சம், காதுக்குள் அவளுடைய மூச்சின் கரகரப்பு மட்டும். கடைக்காரம்மாவின் கை கணவனின் சிலிண்டர் குமிழைத் திருகி மூடுகிறது. அவன் கண்கள் பிதுங்குகின்றன. மஞ்சள் குழாயை அவன் பார்க்கவே இல்லை. அவள் வாயில் இருக்கும் குழாயைப் பிடுங்கித் தன் வாயில் திணித்துக்கொள்கிறான், மறு கையால் அவள் தோள்வாரை இறுக்கிப் பிடிக்கிறான். இரண்டு நெஞ்சுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் மஞ்சள் அவள் விரலுக்கு எட்டவில்லை. கடைக்காரம்மா இருவரையும் மேலே இழுக்கிறார். அவன் சிரிக்கிறான். “பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல. மஞ்சளே போதும்.” தோள்வாரை அவன் இன்னும் விடவில்லை. “நீ என்னம்மா சொல்ற?” என்று கடைக்காரம்மா அவளைக் கேட்கிறார். அவள் வாயைத் திறக்கிறாள். பதில் சொல்ல மூச்சு வரவில்லை.