வாசப்படி தாண்டாதவள்

"கதவைத் திறங்க சம்பந்தி. என் மகளை நான் கூட்டிட்டுப் போறேன்."

வீரபத்திரன் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

மருதுபாண்டி அசையவில்லை. பூட்டிய வீட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அய்யனார் மாதிரி உட்கார்ந்திருந்தார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

"கடலாடியில இருந்து வந்த ஆளு, மொதல்ல தண்ணியக் குடிங்க."

"தண்ணியும் வேணாம், மோரும் வேணாம். என் புள்ள மூஞ்சியக் காட்டுங்க. நாலு நாளா போனு சுவிட்ச் ஆஃப். இங்கன வந்து பார்த்தா வெளிய பூட்டு. புருசனைப் பறிகொடுத்த பொண்ணைப் பூட்டி வைக்கிறீகளே, நீங்கல்லாம் மனுசனா?"



மருதுபாண்டியின் மகன் அருள்முருகன் எல்லையில் செத்து வருசம்கூடத் திரும்பவில்லை. கல்யாணத்துக்கு ஒரு லீவு, அதற்கப்புறம் ஒரு லீவு. மாரிச்செல்வி அவனோடு வாழ்ந்தது அவ்வளவுதான்.

இன்றைக்கு முச்சந்தியில் அவனுக்குச் சிலை திறக்கிறார்கள். காலையிலிருந்து ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது.

"காயம்பட்ட இரண்டு வீரர்களைத் தோளில் தூக்கி வந்துவிட்டு, மூன்றாவது ஆளைத் தூக்கப் போனபோது நெஞ்சில் குண்டு வாங்கிய எங்கள் ஊர்ச் சிங்கம்..."

அலறல் நின்றது. சற்று நேரத்தில், மைக்கைப் பிடித்திருந்த விழாக் கமிட்டித் தலைவர் காளிதாசே வேகவேகமாக வந்து சேர்ந்தார்.

"மருது, நேரமாச்சுப்பா. உன் மருமகளை அனுப்பு. டிவிக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான். வெள்ளைச் சீலையக் கட்டிட்டு வந்து, அழுதுக்கிட்டே ஒரு மாலை போட்டாப் போதும்."

"வருசம் திரும்புறதுக்குள்ள அவ வாசப்படி தாண்டக் கூடாதுன்னு பதினாறாம் நாள் சபையில பேசுனீகளே, மறந்துபோச்சா?"

வீரபத்திரன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அது ஊர் வழக்கம். இது நாட்டுக்காகப்பா. ஒருநாள் தளர்த்திக்கிருவோம்."

"ஓ! கம்மாய்க்குப் போனா சகுனம் ஆகாது, டிவியில வந்தா ஆகுமாக்கும்?"

காளிதாஸ் வாயைத் திறப்பதற்குள் மருதுபாண்டி எழுந்தே விட்டார்.

"பட்டாளத்துல சேரணும்னு என் மகன் கருக்கல்ல கம்மாய்க்கரையில ஓடுனப்ப, 'வேல வெட்டி இல்லாத பய, எருமை மிரளுது'ன்னு கல்லெடுத்து எறிஞ்சது யாரு? சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன். இன்னைக்கு உனக்குச் சிங்கமாயிட்டானா? போ, போயி அந்த மைக்குக்கே மாலையப் போடு."

காளிதாஸ் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வீரபத்திரா, பார்த்துக்கய்யா உன் மக கதிய. மகன் செத்த கோவத்தை மருமக மேல காட்டுறான் இந்த ஆளு."

அவர் போனதும் கூட்டமும் சிலையைப் பார்க்கப் பின்னாலேயே போய்விட்டது.

வீரபத்திரனுக்குப் பொறுக்கவில்லை. மூலையில் உட்கார்ந்தாலும் பெற்ற வீட்டு மூலையில் உட்காரட்டும் என்றுதான் விடியற்காலை பஸ்சைப் பிடித்து வந்திருந்தார். வாசலோரம் கிடந்த குழவிக் கல்லைத் தூக்கினார்.

"நீங்க திறக்கிறீகளா, நான் உடைக்கட்டுமா?"

மருதுபாண்டி தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார்.

"கல்லைக் கீழ வைங்க. உள்ள வந்து பேசுங்க."

இருவரும் உள்ளே போனதும் மருதுபாண்டி கதவைத் தாழிட்டார்.

"மாரிச்செல்வி! ஏத்தா!"

வீரபத்திரன் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. அடுப்பில் அனல் இல்லை. கட்டில் மேல் வெள்ளைச் சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது.

கொல்லையில் வேப்பமரம். அதன் கிளையிலிருந்து தடித்த கயிறு ஒன்று தொங்கியது.

வீரபத்திரன் பாய்ந்து சம்பந்தியின் சட்டையைப் பிடித்தார்.

"அடப்பாவி! என் மகளை என்னய்யா செஞ்ச?"

மருதுபாண்டி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

"கயித்தை நல்லாப் பாருங்க."

முழத்துக்கு ஒரு முடிச்சு. ஏறி ஏறி, முடிச்செல்லாம் தேய்ந்திருந்தது.

"என் மகன் லீவுல வந்தப்பக் கட்டுனது. 'நீ டிகிரி படிச்சவ, ஆபீசராவே சேரு. நான் உனக்கு சல்யூட் அடிக்கணும்'னு சொல்லிச் சொல்லியே பொண்டாட்டிய ஏறப் பழக்குனான். அவன் போயிட்டான். உங்க மக விடல. பெங்களூருல மிலிட்டரி ஆபீசருக்கு ஆளெடுக்குறாக. அங்கன தான் இருக்கா. உள்ள போனதும் போனை வாங்கி வச்சுக்கிருவாகளாம். துணைக்கு என் வீட்டுக்காரி போயிருக்கா. ஊருக்குத் தெரிஞ்சா வண்டியவே மறிச்சிருப்பாக. அதான் பூட்டிட்டு வாசல்ல உக்காந்திருக்கேன்."

வீரபத்திரனின் பிடி தானாகத் தளர்ந்தது.

"பெத்தவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே..."

"சொன்னா விட்டிருப்பீகளா?"

வீரபத்திரன் தலையைக் குனிந்துகொண்டார். முச்சந்தியில் கைதட்டல் கேட்டது.

மருதுபாண்டி சட்டையை நீவி விட்டுக்கொண்டார்.

"'எங்க வகையறாப் பொண்ணு வருசம் திரும்புறதுக்குள்ள வாசப்படி தாண்டாது'ன்னு சபையில எந்திரிச்சுச் சொன்னதே நீங்கதானே சம்பந்தி? உங்க வார்த்தைய அவ மீறல. இந்தா, இந்தக் கொல்லைச் சுவத்துல ஏறிக் குதிச்சுத்தான் போனா. அந்தப் பரீட்சையில அதுவும் உண்டாம்."