மலாவிக்குப் போகிற பெட்டி

நொச்சிக்குப்பத்து ஒற்றை அறை வீட்டில் பெட்டி மூடிக்கொள்ள மாட்டேன் என்கிறது. நர்ஸ் ஜான்சி அதன்மேல் முழங்காலை ஊன்றி ஜிப்பை இழுக்கிறாள். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்ட கை வீங்கியிருக்கிறது. வாசலில் அவள் அம்மா தேசம்மா, விற்காமல் மிஞ்சிய சங்கரா மீனை அருவாமனையில் வைத்து ஆய்கிறாள். சாயங்கால வெயிலில் செதில்கள் தெறித்து அவள் முன்கையில் ஒட்டி மின்னுகின்றன. ஜான்சியைக் கட்டப்போகிறவனின் அம்மா ரோஸி நிலைப்படியில் சாய்ந்து நிற்கிறாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “துபாய்க்குப் போனா சம்பாரிக்கப் போறான்னு சொல்லிக்கலாம். இது இன்னா, ஆப்பிரிக்கா ஆஸ்பத்திரில ரெண்டு வருசம் ஓசி வேல? குப்பமே சிரிக்கிது. மலாவி எங்க கீதுன்னு எம்புள்ளைக்கே தெரியல.” “மேப்புல கீது அத்தே,” என்கிறாள் ஜான்சி, ஜிப்பை விடாமல். “வாயப் பாரு! இவ போனா இந்த சம்மந்தம் இல்ல தேசம்மா, சொல்லிட்டேன்.”

தேசம்மாவின் கை நின்றுவிடுகிறது. ரோஸி கேட்டதையெல்லாம் அவளும் மகளிடம் தொண்டை கிழியக் கத்திக் கேட்டு ஓய்ந்தவள்தான். “இவ இன்னாத்துக்குப் போறான்னு எனக்கும் புரியல ரோஸி,” என்கிறாள். “ஆனா போவா.” ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ரோஸியைத் தாண்டி உள்ளே வருகிறாள். மீன்கூடை சுமந்து இறுகிய உடம்பு மொத்தத்தையும் பெட்டியின்மேல் தொப்பென்று இறக்கி உட்காருகிறாள்.

“இப்ப இழுடி.”