கம்பவுண்டர் வெட்டிய பத்து இறகுகள்

ஏழுமலை புறாவின் வலது இறக்கையை விசிறிபோல விரித்துப் பிடித்து, மைத்துனன் திருவேங்கடத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"பறக்கிற இறகு மொத்தத்துக்கும் இங்கிலீசுல ரெமிஜீஸ்னு பேரு. துடுப்புக்காரன்னு அர்த்தம். அதுல வெளிப்பக்கத்துப் பத்துதான் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் கத்தரிச்சிட்டா போதும், எழும்புனா கவுந்துடும்."

பத்தும் பாதியோடு நின்றுபோயிருந்தன.

ஏழுமலை நகரியில் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். டாக்டரின் புத்தகங்களுக்குத் தூசி தட்டும்போது கிடைத்த வார்த்தை அந்த ரெமிஜீஸ். கிடைத்த அன்றே வீட்டுக்கு வந்து மனைவி தாட்சாயணியிடம் சொல்லிக் காட்டினார்.

அவள் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே, "அந்தப் பேரு புறாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.



நான்கு வருடத்துக்கு முன் திருத்தணிப் பக்கத்துத் தாய்வீட்டிலிருந்து அவள் மடியில் வைத்துக் கொண்டுவந்த புறா. வந்த புதிதில் ஒருமுறை இறகைக் கத்தரித்துவிட்டார். புது இறகு முளைத்த பிறகும் அது போகவில்லை. காலை எட்டுக்கு அவர் கூண்டைத் திறந்துவிட்டு வேலைக்குக் கிளம்பும்போது கூரைமேல் இருக்கும். சாயங்காலம் திரும்பும்போதும் அங்கேயே இருக்கும். தன் கைராசி என்று ஆஸ்பத்திரியில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

தை மாதம் தாட்சாயணி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் அவளைத் தெரிந்த உயிர், அவரைத் தவிர, அது ஒன்றுதான்.

இந்த வெள்ளிக்கிழமை மாநில எல்லை மாறியது. திருத்தணிப் பக்கம் மெட்ராஸ் ராஜ்யத்தோடு போயிற்று. நகரி ஆந்திராவிலேயே நின்றது. பக்கத்து வீட்டு மனோரமா வாசலில் சாணி தெளித்துக்கொண்டே, "இன்னா கம்பவுண்டரே, உங்க புறா மெட்ராஸ்காரப் புறா ஆச்சே. ஊரைப் பார்த்துப் போயிடப்போவுது!" என்றாள்.

ஏழுமலை சத்தமாகச் சிரித்தார். சிரித்து முடித்து, உள்ளே போய்க் கத்தரிக்கோலைத் தேடினார்.

இரண்டு சர்க்கார் கூடி ஏழெட்டு வருஷம் பேசிப் போட்ட எல்லையை, அவர் கால் மணி நேரத்தில் ஒரு புறாவின் இறக்கையில் போட்டு முடித்தார். அன்றைக்குத் தேதி ஏப்ரல் ஒன்று என்பதைக்கூடப் படித்த மனிதர் கவனிக்கவில்லை.

இன்று ஞாயிறு. விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய திருவேங்கடம், செருப்பைக் கழற்றும் முன்பே கேட்ட கேள்வி, "புறா எங்க மாமா?"

ஏழுமலை அப்போதே முடிவு கட்டிவிட்டார். அக்காவின் பொருள் என்று கேட்டு வாங்கிப்போக வந்திருக்கிறான். அதனால்தான் அவன் வாயைத் திறக்க விடாமல் இந்தப் பாடம்.

"பிடுங்கினா ஆறு வாரத்துல முளைச்சிடும். கத்தரிச்சா அப்படியில்ல. அடிக்குச்சி தானா உதிரணும். ஐப்பசி ஆவும். அதுவரைக்கும் இது எங்கயும் போவாது, யாரு வூட்டுக்கும் போவாது."

கடைசி வார்த்தைகளைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார்.

திருவேங்கடம் வெட்டுப்பட்ட இறகுகளை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"அக்கா உங்களாண்ட சொல்லவே இல்லியா மாமா?"

"என்ன?"

"இது தினம் எங்க வூட்டுக்கு வரும். பதினொரு மணி சுமாருக்கு வந்து, அம்மா போடற கம்பைத் துன்னுட்டு, உடனே கிளம்பி இங்க வந்துடும். மூணு வருஷமா வந்துக்கினு கீது. அக்கா போனதுக்கப்புறமும் ஒரு நாள்கூடத் தவறல."

விரித்த இறக்கை ஏழுமலையின் கையிலேயே இருந்தது.

"வெள்ளிக்கிழம வரல. நேத்தும் வரல. அம்மா ரெண்டு நாளா சோறு துன்னல."

"ஒரு புறாவுக்காகவா?"

"புறாவுக்கு இல்ல மாமா. அது வந்தா, கூண்டைத் தொறந்துவிட ஆளு கீதுன்னு அம்மாவுக்கு ஒரு தெம்பு. தனியா கீற மனுசன், இன்னா பண்ணிக்கினாரோ, ஓடிப் பாருடான்னு என்னை அனுப்பிச்சிடுச்சி."

ஏழுமலை இறக்கையை மடக்கினார். மூன்று முறை மடக்கியும் அது சரியாகப் படியவில்லை.

"திருத்தணி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"பத்துக்கு ஒண்ணு கீது."

"பதினொண்ணுக்குள்ள போயிடலாமா?"

திருவேங்கடம் தலையாட்டினான்.

ஏழுமலை சட்டையை மாட்டிக்கொண்டு, புறாவை மூங்கில் கூடையில் வைத்து மூடினார். மூடியை மறுபடி திறந்து, ஒரு பிடி கம்பு எடுத்துப் போடப் போனார்.

பிறகு வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார். அங்கே போய்ச் சாப்பிடட்டும்.